தூபத்தில் ஏன் ஒரு நாற்றப் பிசின்?

பைபிளின் யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்துத் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) தூபத்துக்கான கலவை இருக்கிறது. தமிழ் வேதாகமம் சொல்கிறபடி வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சுத்தமான சாம்பிராணி, எல்லாம் சமநிறை. முதல் இரண்டும் உண்மையில் எவை என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அல்பான் பிசினில் அந்தக் குழப்பம் இல்லை: ஈரான் மலைகளில் வளரும் ஒரு ஃபெருலாச் செடியின் பால்தான் அது, நம் பெருங்காயச் செடிக்கு நெருங்கிய சொந்தம். யூத மத விளக்க நூலான தல்மூதே அதன் வாசனை கெட்டது என்கிறது.

அப்புறம் ஏன் சேர்த்தார்கள்? தல்மூத் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பாவிகளையும் சேர்த்துக்கொள்ளாத உபவாசம் உபவாசமே இல்லை, இந்தப் பிசினும் நறுமணங்களோடுதானே எண்ணப்பட்டது. வேதியியலும் ஒரு காரணம் தருகிறது. பச்சைக் குடைமிளகாயை வெட்டும்போது வருகிற பைரசீன் என்ற அதே மணப்பொருள் இந்தப் பிசினிலும் துளியளவு உண்டு. தண்ணீரில் லட்சம் கோடியில் இரண்டு பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கிட்டத்தில் நெடி, காற்றில் கலந்து நீர்த்துப்போனால் பச்சிலை வாசம். இன்றைய வாசனைத் திரவியங்களில் இதைச் சேர்ப்பதும் அதற்காகத்தான்.

சரி, சாம்பிராணிக்கு வருவோம். இங்கே சொல்வது ஓமானின் தோஃபார் பகுதியிலும் யேமனிலும் வளரும் போஸ்வெலியா மரத்தின் பிசினை (நம் கடைகளில் இதே பெயரில் சுமத்ராவின் வேறொரு மரத்துப் பிசினும் விற்கிறது). பட்டையைச் சீவினால் வெள்ளைப் பால் கசியும், காயத்தை மூட மரம் செய்யும் வேலை அது, சில நாளில் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி ஒன்றைத் தணலில் வைத்தால் முதலில் ஓரம் வியர்த்து நுரைக்கும், பைனீன் மாதிரி எடை குறைந்த மூலக்கூறுகள் கிளம்பி எலுமிச்சைத் தோல் போல மணக்கும், பிறகு கனமானவை வெண்புகையோடு எழும், கடைசியில் கோந்து கருகும். தீப்பிடித்துவிட்டால் மணமே எரிந்துபோய்க் கரிப்புகைதான் மிஞ்சும். லேவியராகமம் 16-இல் ஆசாரியன் தூபகலசத்தில் தணலை எடுத்துக்கொள்வது இதனால் பொருத்தமாக இருக்கிறது.

சாம்பிராணிப் பிசினிலுள்ள போஸ்வெலிக் அமிலம் போன்ற மிகக் கனமானவை சுலபத்தில் கிளம்பாமல் அடியிலேயே தங்கிவிடும். இஸ்ரேலின் தெல் அராதில், கி.மு. 8-ஆம் நூற்றாண்டு யூதா நாட்டுக் கோயில் ஒன்றின் இரண்டு சுண்ணாம்புக்கல் பீடங்களில் கருப்பாக ஒட்டியிருந்ததை ஆய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பீடத்தில் அந்த அமிலம் இருந்தது, கூடவே விலங்குக் கொழுப்பு: பிசின் நன்றாக ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏற்ற. சின்னதில் கஞ்சா. அதற்கு அவ்வளவு சூடு ஆகாது என்பதால் சாணியோடு கலந்து மெதுவாகக் கனல விட்டிருக்கிறார்கள்.