இரண்டு நாள் வகுப்பும் ஒரு கட்டுவிரியனும்

போன மாதம் ஒரு விடியற்காலை, அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். மஞ்சள் காட்டுச் சாளையில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், மூன்று மணிக்கு வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். "கேஸ் டிரபிள்தான், விடிந்ததும் ஸ்கேன் பார்க்கலாம்" என்று படுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பேச்சு குழறவும், பக்கவாதமோ என்று பயந்து எங்கள் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே அவர் வீட்டுக்காரர் சொன்னார்: "தூக்கமே கலையலீங்க சார், கண்ணைத் தொறக்கவே மாட்டேங்கறா."

அது தூக்கமில்லை. இரண்டு இமையும் பாதிக்கு மேல் இறங்கியிருந்தன. மேலே பாருங்கள் என்றால் நெற்றி சுருங்கியது, இமை ஏறவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், ஏழில் நின்றுவிட்டது. கட்டுவிரியன். வயிற்று வலியும் அதன் விஷத்தால்தான். உடம்பெல்லாம் தேடியும் கடிவாய் கிடைக்கவில்லை, பெரும்பாலும் கிடைக்காது. கால் மணி நேரத்தில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினோம். இந்தப் பாம்பின் விஷம் நரம்பில் உட்கார்ந்த பிறகு மருந்து செய்வது கொஞ்சம்தான், காப்பாற்றுவது மூச்சுதான். (சில சமயம் கண்மணிகூட விரிந்து அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து 'மூளைச்சாவு' என்று கைவிட்ட கதைகளும் உண்டு. உள்ளே ஆள் முழு நினைவோடு கேட்டுக்கொண்டிருப்பார்.) அந்த அம்மா ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

முதலில் பார்த்த டாக்டருக்குக் கோபத்தோடுதான் போன் போட்டேன். பேசி முடிக்கையில் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர் ஆர்த்தோ, அதாவது எலும்பு மருத்துவம் படித்தவர். வயது முப்பத்து நான்கு. நல்ல கைக்காரர் என்பது எனக்கே தெரியும். தனி கிளினிக் கட்டுப்படியாகவில்லை, அவசர சிகிச்சையில் ஆசையும் உண்டு. ஏசிஎல்எஸ் வகுப்பு (இதயம் நின்றால் செய்ய வேண்டியது), ஏடிஎல்எஸ் வகுப்பு (விபத்துக் காயம்), அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூமில் நடந்த ஒரு வருட 'ஃபெல்லோஷிப்'. கடைசியதற்கு மட்டும் மூன்றரை லட்சம் கட்டியிருக்கிறார். "எல்லாம் படிச்சுட்டுத்தானுங்க சார் சேர்ந்தேன்" என்றார். பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்தில் இறங்கிய இமை ஒன்றை அவருக்கு யாரும் நேரில் காட்டவில்லை.

இந்த வருடம் இது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வேறு துறையிலிருந்து வருபவர்களுக்கு நான் எதிரி இல்லை. நானே அப்படி வந்தவன். அனஸ்தீசியா படித்து, ஈரோட்டிலும் பெருந்துறையிலும் ஆறு வருடம் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் பரீட்சை எழுதி அவசர சிகிச்சை படிக்க மாணவனாகப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் கிறுக்கு என்றார்கள். எனக்குப் பாடம் சொன்ன சீனியர் என்னைவிட ஐந்து வயது சின்னவர். இந்தியாவில் அவசர சிகிச்சை மருத்துவத்தைத் தனித் துறையாக மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009-இல்தான். டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) படிப்பு 2013-இல் வந்தது. அந்த முதல் தலைமுறை ஆசிரியர்களில் பெரும்பாலோர் மெடிசன், சர்ஜரி, அனஸ்தீசியா, ஆர்த்தோக்காரர்கள். வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

என்னை எரிச்சலூட்டுவது வேறொன்று. "ஏசிஎல்எஸ் இருக்குதுங்களா? அப்ப நாளையிலிருந்து கேஷுவாலிட்டி பாருங்க." ஆஸ்பத்திரி நிர்வாகிகள் கேட்கும் ஒரே கேள்வி இதுதான். அவர்கள் கேட்பதால் டாக்டர்களும் அதையே தகுதி என்று நம்பிவிட்டார்கள்.

ஏசிஎல்எஸ் என்பது இதயம் நின்றால், தாறுமாறாகத் துடித்தால் என்ன செய்வது என்று பழக்கும் வகுப்பு. அட்டை இரண்டு வருடம் செல்லும். ஏடிஎல்எஸ் விபத்துக் காயத்துக்கானது, நான்கு வருடம் செல்லும். இரண்டும் அருமையான வகுப்புகள், நானே தவறாமல் புதுப்பிக்கிறேன். ஆனால் ஏடிஎல்எஸ் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அது யாருக்கானது என்பதும் தெரியும். 1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகளுக்கு அடி. உள்ளூர் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த விதத்தைக் கண்டு நொந்துபோய், கிராமத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு டாக்டர் முதல் ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று ஒழுங்குபடுத்த முனைந்தார். 1978-இல் முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: யாருமில்லாத இடத்தில் ஒருவர் திணறாமல் இருக்க வந்த வகுப்பு அது. அதை முடித்தவரைப் பெயர்ப்பலகையில் 'அவசர சிகிச்சை நிபுணர்' என்று போடுவது, எல் போர்டு மாட்டியவரிடம் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவிலும் கரும்பு லாரியை ஓட்டச் சொல்வது மாதிரி.

இன்னும் ஒன்று. இந்த வகுப்புகளெல்லாம் நோயின் பெயர் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன. பொம்மையைப் படுக்க வைத்து, 'ஐம்பது வயது ஆண், மார்பு வலி' என்று ஆரம்பிப்பார்கள். கேஷுவாலிட்டி வாசலில் அப்படித் தலைப்பு எழுதி யாரும் வருவதில்லை. 'வயிறு வலிக்குதுங்க' என்று வரும் பத்துப் பேரில் ஒருவருக்கு மாரடைப்பு, ஒருத்திக்குக் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கும், ஒரு பையனுக்கு அதுவரை யாருக்கும் தெரியாத சர்க்கரை. ஒருவருக்குக் கட்டுவிரியன். மற்ற ஆறு பேருக்கு நிஜமாகவே கேஸ் டிரபிள். அந்த ஆறு பேருக்கு நடுவில் நாலு பேரைப் பிடிப்பதுதான் இந்தப் படிப்பு. அதை ஜூமில் பார்த்துப் பழக முடியாது. சென்னிமலையில் இரண்டு நாள் தறியை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் போர்வை நெய்ய வந்துவிடுமா?

ஒவ்வொரு துறைக்காரரும் கூடவே ஒரு பழைய பழக்கத்தைக் கொண்டுவருகிறார். என்னுடையதைச் சொல்கிறேன். தியேட்டருக்கு வரும் நோயாளி ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு, எல்லா ரிப்போர்ட்டோடும், பெயர் வைத்த நோயோடு வருவார். கேஷுவாலிட்டியில் என் முதல் வாரத்தில், விஜயமங்கலம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்தவரிடம் வழக்கம்போல "கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?" என்றேன். "பாதிப் பரோட்டாவுல எந்திரிச்சு வந்தனுங்க" என்றார். டியூப் போடுவதில் நான் கெட்டிக்காரன், யாருக்குப் போடக்கூடாது என்பதைக் கற்க எட்டு மாதம் ஆனது.

ஆர்த்தோக்காரர் கண் வளைந்த தொடைக்குப் போகும், மூச்சுக்குப் போகாது. மெடிசன்காரர் பொறுமைசாலி. எல்லா டெஸ்டும் வரட்டும் என்று காத்திருப்பார். இங்கே முதலில் கை வைத்துவிட்டு அப்புறம்தான் பெயர் தேட வேண்டும். எலியைக் கொல்லும் விஷப் பசை சாப்பிட்டவர் முதல் நாள் சிரித்துப் பேசுவார், ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருக்கும். 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாம் நாள் கல்லீரல் போய்த் திரும்பி வந்தபோது தலையில் கை வைத்த மெடிசன் நண்பர்களை எனக்குத் தெரியும். சர்ஜன்களைப் பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள், விட்டுவிடுகிறேன்.

சரி, முறையான வழி என்ன? நம் நாட்டில் நேர்வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு எம்.டி. இருந்தாலும் நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி, எம்.டி. அல்லது டிஎன்பி அவசர சிகிச்சையில் மூன்று வருடம். வலிக்கும், தெரியும். தனியார் ஆஸ்பத்திரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் எம்இஎம் (அவசர சிகிச்சை மாஸ்டர்ஸ்) படிப்பும் மூன்று வருடம்தான். சில இடங்களில் பயிற்சி உண்மையிலேயே கடுமையானது. ஆனால் அது தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டமில்லை, அதை வைத்து மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக முடியாது. இதைச் சேர்வதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள், முடித்த பிறகு என்னிடம் வந்து அழாதீர்கள்.

எம்ஆர்சிஇஎம் பற்றியும் வாரம் ஒருவர் கேட்கிறார். அது பிரிட்டனின் அவசர சிகிச்சைத் தேர்வு, மூன்று கட்டம். தேர்வுதான், பயிற்சி இல்லை. பயிற்சிக்கு அவர்கள் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2014-இல் டிஆர்இ-ஈஎம் என்று ஒரு வழி திறந்தார்கள். அறுவை சிகிச்சையில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர்கள், முதல் வருடத்திலிருந்து தொடங்காமல் மூன்றாம் வருட நிலையில் நுழையலாம். ஆனால் அவர்கள் பார்க்காத மயக்கவியல், தீவிர சிகிச்சை, குழந்தைகள் அவசரப் பிரிவு எல்லாவற்றிலும் மாதக்கணக்கில் நின்று குறையை நிரப்ப வேண்டும். பழைய படிப்புக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள், ஓட்டையையும் அடைக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று ஒவ்வொரு மாநாட்டிலும் புலம்புகிறோம். அங்கேயே, பயிற்சித் திட்டத்துக்குள் போகாமல் வேலை பார்த்தபடியே அத்தாட்சிகளைச் சேர்த்து நிபுணர் பதிவேட்டில் ஏறும் வழியும் உண்டு. சிஇஎஸ்ஆர் என்றிருந்தது, 2023 நவம்பரிலிருந்து போர்ட்ஃபோலியோ பாத்வே. அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் வேலை அனுபவத்தை வைத்தே தேர்வெழுத விட்டார்கள், 1988-இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேளுங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் இதைக் கூடுதல் பட்டமாகப் பதிய முடியுமா? 'ஆகிடும் சார், ஃபைல் போயிருக்கு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? அவர் பெயரைக் கேளுங்கள். 'போனில் இருப்பார்' என்பது பதில் ஆகாது. குழந்தைகள், பிரசவம், விஷம் மூன்றும் வருகிற இடமா, இல்லை மார்பு வலி பேக்கேஜ் மட்டும் பார்க்கிற இடமா? முதல் நாளிலிருந்தே பார்த்த கேஸ், செய்த புரொசீஜர், பக்கத்தில் நின்ற சீனியரின் கையெழுத்து எல்லாவற்றையும் லாக்புக்கில் ஏற்றுங்கள். ஐந்து வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதிய லாக்புக்கை எந்த நாட்டிலும் ஏற்க மாட்டார்கள்.

நிர்வாகிகளே, உங்களுக்கும். 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். நல்ல திட்டம். ஆனால் '24 மணி நேர அவசர சிகிச்சை' என்று பச்சை விளக்கு எரியவிட்டுவிட்டு, உள்ளே தனியாக ஒரு ஆர்த்தோக்காரரை அட்டையோடு உட்கார வைக்காதீர்கள். அவருக்கும் அது ஆபத்து.

பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "பெரிய டாக்டர் எப்பங்க வருவாரு?" என்று ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டிய பெரிய டாக்டர் அங்கேயே நிற்பவராக இருக்கலாம். அதற்குப் பதிலாக, "ராத்திரி தரையில படுத்திருந்தாங்க", "காட்டுல மருந்தடிச்சாங்க", "காலையில இருந்து கண்ணு சொருகுது" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அந்த அம்மா தரையில் படுத்திருந்தார் என்பதை முதல் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. வயிற்று வலிக்கும் பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பார்.

அந்த ஆர்த்தோ டாக்டர் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பகலில் எலும்பைப் பாருங்கள், செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எங்களிடம் வந்து நில்லுங்கள், சம்பளமும் கிடையாது சர்டிபிகேட்டும் கிடையாது என்றேன். மூன்று வாரமாக வருகிறார். முதல் நாள் ராத்திரி மூன்று மணிக்கு, உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார். வருகிறவர்களைத் தரம்பிரிக்கும் ட்ரையேஜில் நாங்கள் நாற்காலி போடுவதில்லை.