மலை இறங்கிய மறுநாள் கால் உளைவது ஏன்?

தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரிக்கு ஏறிவரும் பக்தர்களிடம் எந்தப் பகுதி கடினமாக இருந்தது என்று கேட்டால், மூச்சு முட்டவைத்த ஏற்றத்தையே பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் மதுரைக்குத் திரும்பிய மறுநாள், கைப்பிடியைப் பற்றாமல் வீட்டு மாடிப்படியில் இறங்க முடியாத அளவுக்குத் தொடை உளைவதற்கு இறக்கமே முதன்மையான காரணம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 1,000 மீட்டர் உயரம் ஏறும்போது, புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 590 கிலோஜூல், அதாவது 140 கிலோகலோரி. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்கையே இயக்கமாக மாற்றவல்லவை என்பதால், உடலுக்கு ஆகும் செலவு இதைப்போல் நான்கு மடங்கு. வியர்வையும் இளைப்பும் அதனால்தான். இறங்கும்போதோ அதே 590 கிலோஜூலை உடல் எங்கேனும் கரைத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி முன்தொடைத் தசைகளின் மேல் விழுகிறது.

ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடங்கும்போது, உடல் சரிந்துவிடாதபடி முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. பிடித்துக்கொண்டே நீளவும் செய்கிறது. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்குபவரின் கையைப் போன்ற வேலை இது. தசையிழைக்குள் ஆக்டின் என்னும் புரத இழையைப் பற்றியிருக்கும், மயோசின் என்னும் மற்றொரு புரதத்தின் தலைகள் சாதாரணமாக ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டே பிடியை விடுகின்றன. நீளும் தசையிலோ அவற்றுள் பல இழுவிசையாலேயே பிய்த்து விடுவிக்கப்படுகின்றன. ஆகவே ஆற்றல் மிச்சமாகிறது, மூச்சும் வாங்குவதில்லை. நீளும்போது ஒவ்வொரு தசையிழையும் கூடுதல் விசையைத் தாங்கவல்லது என்பதால், குறைவான தசையிழைகளே முழுப் பாரத்தையும் தாங்குகின்றன; அவற்றின் நுண்கட்டமைப்பு ஆங்காங்கே குலைகிறது. அதைத் தொடரும் அழற்சி நரம்பு முனைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்ய, வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. பழியை லாக்டிக் அமிலத்தின் மேல் போடுவது நெடுநாள் வழக்கம்; அது ஓய்வெடுத்த ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், மறுநாள் வலிக்குக் காரணமாக முடியாது.

1952-இல் அபாட், பிக்லாண்ட், ரிட்சி ஆகிய ஆய்வாளர்கள் இரண்டு மிதிவண்டிகளைப் பின்னுக்குப் பின்னாக ஒரே சங்கிலியால் இணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் எதிர்த்துப் பிடிக்கும்படி சோதித்தார்கள். இருவரின் விசையும் ஒன்றே; ஆயினும் எதிர்த்துப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மலையில் நடப்பவர்களை இறக்கம் வலியோடு விடுவதில்லை. முதல்நாள் நீண்ட இறக்கத்துக்குப் பிறகு தொடையின் வலிமையே குறைந்துவிடுவதால், வழுக்குப்பாறை போன்ற இடங்களில் அடுத்த நாள் கால் தடுமாறும் வாய்ப்பு அதிகம். நல்ல வேளையாக, ஒருமுறை இத்தகைய இறக்கத்துக்கு உள்ளான தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் மிகக் குறைவாகவே சேதமடைகிறது. எனவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு திருப்பரங்குன்றத்துப் படிகளில் ஏறுவதைவிட, நிதானமாக இறங்குவதே சரியான பயிற்சி என்பேன். மலையில் குறுகிய அடிகளாக வைப்பதும் கைத்தடி ஊன்றுவதும் முழங்காலின் பாரத்தைக் குறைக்கும்.

எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொள்வது வலியைச் சற்று ஆற்றும். பொதுவாக ஒரு வாரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் தொடை வீங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.