கோப்பு போய்ச் சேர்ந்தது, அட்டவணை சேர்ந்ததா?

கட்டுமானத் திட்டமொன்றின் பிளானிங் இன்ஜினியர் தன் கணினியில் வைத்திருக்கும் பணி அட்டவணை பெரும்பாலும் பிரைமவேரா அல்லது மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்ற மென்பொருளில் இருக்கும். சைட்டில் நிற்பவர் கைப்பேசியில் பார்ப்பது வேறொரு மென்பொருள். வரைபடம், படங்கள், தினசரி அறிக்கை எல்லாம் அதில்தான். இரண்டும் ஒத்துப்போக வாராவாரம் முன்னதிலிருந்து கோப்பை எடுத்துப் பின்னதில் ஏற்ற வேண்டும். கையால் செய்தால் ஐந்து நிமிட வேலை. திட்டங்கள் நாற்பதாகும்போது யாராவது ஒருவர் மறந்துவிடுவார். அதனால் இந்த வேலையை ஒரு சின்ன நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். சைட் மென்பொருளுக்குள் அந்த நிரல் நுழையும் வாசல்தான் ஏபிஐ.

முதலில் நிரல் தான் யாரென்று காட்டி ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஆயுள் குறைவு. தீர்ந்ததும் 401 என்ற பதில் வரும், புதிது வாங்க வேண்டும். அடுத்து கோப்பு. திட்ட எண், கோப்பின் பெயர், கோப்பின் பைட்டுகள் மூன்றும் ஒரே கோரிக்கையில் போகின்றன. நடுவே வரப்பு போல ஓர் எல்லைச் சரம் வரும். கோப்புக்குள் எங்கும் வராத எழுத்துக் கோவை அது. அந்தச் சரம் எது என்பதைக் கோரிக்கையின் தலைப்பு வரியில் சொல்லியாக வேண்டும். தலைப்பைக் கையால் எழுதிவிட்டு அதைச் சொல்ல மறப்பவர்கள் ஏராளம். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் சர்வர் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடும். கோப்பின் பைட்டுகளை பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக்கி, ஜேசான் என்ற எழுத்து வடிவத் தரவுக்குள் திணிக்கவும் வழியுண்டு. ஆனால் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாகும், கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

இதுவரை நடந்தது தபால்காரர் வேலை. இனி உறையைப் பிரிக்க வேண்டும்.

பிரைமவேராவின் எக்ஸ்இஆர் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான், டேப் இட்டுப் பிரித்தது. ‘%டி’ என்று தொடங்கும் வரி ஒரு தரவுப் பட்டியலின் (டேபிள்) பெயர், ‘%எஃப்’ பத்திகளின் பெயர்கள், ‘%ஆர்’ ஒவ்வொன்றும் ஒரு பதிவு. ‘ஏ1010, அடித்தளக் கான்கிரீட், 40’ என்பது போல ஒரு பதிவு இருக்கும். அந்த 40 நாள் அல்ல, மணி. அது எத்தனை நாள் என்று அந்த வரியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பணிக்குரிய நாள்காட்டி நாளொன்றுக்கு 8 மணி என்றால் 5 நாள். 10 மணி என்றால் 4 நாள். நாள்காட்டியைப் படிக்காமல் எட்டால் வகுத்துக்கொள்ளும் நிரல், பத்து மணி நேரம் ஓடும் சைட்டில் எல்லாப் பணிகளையும் நீட்டிக் காட்டும். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டின் எக்ஸ்எம்எல் கோப்பிலும் இதே கதைதான்: கால அளவு ‘பிடி40ஹெச்0எம்0எஸ்’, அதாவது 40 மணி 0 நிமிடம் 0 நொடி, என்றுதான் நிற்கும்.

பணிகளைவிட அவற்றுக்கு இடையிலான தொடர்புகள்தான் அட்டவணையின் உயிர். கம்பி கட்டி முடிந்தபின் கான்கிரீட்; கான்கிரீட்டுக்கு 7 நாள் கழித்து அடுத்த வேலை. பிரைமவேராவில் இந்த இடைவெளியும் மணியில்தான் எழுதப்படுகிறது, நாளுக்கு 8 மணி வீதம் 56 என்று. வாரம் ஐந்து நாள் வேலை செய்யும் நாள்காட்டியில் அதை எண்ணினால் 9 நாளாவது ஆகும், சில சமயம் 11. கான்கிரீட்டுக்கு ஞாயிறு ஏது? அதனால்தான் விவரமறிந்த பிளானர்கள் கியூரிங்கை, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுக விடும் காலத்தை, இடைவெளியாக விடாமல், ஏழு நாள் நாள்காட்டி கொண்ட தனிப் பணியாகவே போட்டுவிடுவார்கள்.

இந்தத் தொடர்புகளைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் கணக்கிட்டு, எந்தப் பணி தாமதித்தால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் என்று காணும் முறையை 1950களின் பிற்பாதியில் டூபாண்ட்டின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினார்கள். கோப்பைப் பெற்ற சர்வர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். பாதி முடிந்த பணியை எப்படிக் கையாள்வது என்ற ஓர் அமைப்பு மாறினாலே தேதிகள் மாறிவிடும். பிளானர் ஒரு தேதி சொல்ல, கைப்பேசி வேறொரு தேதி காட்டினால் இரண்டையுமே யாரும் நம்ப மாட்டார்கள். கோப்பில் உள்ள தேதியை அப்படியே காட்டுவதே உத்தமம்.

இத்தனையும் செய்ய நேரம் பிடிக்கும் என்பதால் பல சர்வர்கள் கோப்பு கைக்கு வந்ததும் 202 என்று பதில் தந்துவிடும். ‘வாங்கிக்கொண்டேன், பிறகு பார்க்கிறேன்’ என்பதே அதன் பொருள். நான் எழுதிய ஒரு நிரல் அதை ‘முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டது. உள்ளே ஒரு நாள்காட்டி வரி பிழையாகி இறக்குமதியே நின்றுபோயிருந்தது. இரண்டு வாரம் எல்லோரும் பழைய தேதிகளைப் பார்த்தே வேலை செய்தார்கள். அதற்குப் பிறகு, பதிலோடு வரும் வேலை எண்ணை வைத்துக்கொண்டு, முடிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். கோப்பிலுள்ள பணிகளையும் ஏறிய பணிகளையும் எண்ணி ஒப்பிடுகிறேன்.

உண்மையான சிக்கல் இரண்டாம் முறை ஏற்றும்போதுதான் வரும். போன வாரத்துப் பணிதான் இது என்று சர்வர் எதை வைத்து அறியும்? மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் ஒவ்வொரு பணிக்கும் இரண்டு எண்கள்: வரிசை எண் ஒன்று, மாறாத தனி எண் ஒன்று. வரிசை எண்ணை நம்பினால், மேலே ஒரே ஒரு வரியைச் செருகியதும் கீழே உள்ள அத்தனையும் ஒன்று நகரும். நீர்க்கசிவுத் தடுப்புக்கு எடுத்த படம் டைல்ஸ் பணியின் கீழே போய் உட்கார்ந்திருக்கும். பிரைமவேராவில் நிலைமை வேறு. அதன் உள் எண், வேறொரு தரவுத்தளத்துக்குப் போய்வந்தால் மாறிவிடும். மனிதர் வைத்த ‘ஏ1010’தான் நிலைக்கும், அதையும் பிளானர் திருத்தாமல் இருக்கும்வரை. புதிய கோப்பில் காணாமல் போன பணியை அழித்துவிடாமல், நீக்கப்பட்டது என்று குறித்து ஒதுக்கி வைக்கும் மென்பொருளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதன் கீழே யாரோ ஏணியில் ஏறி எடுத்த படங்கள் இருக்கும்.