வழு: 'பக்' என்ற சொல்லுக்குத் தமிழ்

மென்பொருள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலோ, செய்யக் கூடாததைச் செய்தாலோ, அதற்குக் காரணமாக நிரலுக்குள் கிடக்கும் குறைக்கு ஆங்கிலத்தில் 'பக்' என்று பெயர். தமிழில் சிலர் அதைப் பிழை என்று எழுதுகிறார்கள், சிலர் வழு என்கிறார்கள். அகராதியை மட்டும் நம்பிப் பூச்சி என்று எழுதியவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடலாம். நான் வழுவின் பக்கம்.

பிழை நல்ல சொல்தான். ஆனால் அறிவியல் மென்பொருளைக் கையாளுகிறவர்களிடம் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருக்கிறது. புள்ளியியலில் திட்டப்பிழை உண்டு. ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுப் பிழை உண்டு. தசம எண்ணைச் சுருக்கும்போது எஞ்சுவது முழுதாக்கப் பிழை. இவை எதுவும் யாருடைய குற்றமும் அல்ல; அளக்கிற இடத்தில் எல்லாம் இருந்தே தீரும். "இந்தக் கணக்கில் பிழை அதிகம்" என்று ஒருவர் எழுதினால், அளவுகள் சிதறிக் கிடக்கின்றன என்கிறாரா, நிரல் கெட்டுப்போயிருக்கிறது என்கிறாரா? நிரலின் குறையை வழு என்று தனியே வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

வழு என்றால் நழுவுதல். வழுக்கு, வழுவு, வழுவழுப்பு, இளநீரில் வழித்துத் தின்னும் வழுக்கை எல்லாம் ஒரே குடும்பம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சுசீந்திரம் தாண்டியதும் வழுக்கம்பாறை என்ற ஊரைக் கடக்கிறார்கள். அந்தப் பெயரிலும் இந்த வேர்தான். கால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சறுக்குவது முதற்பொருள். நெறியிலிருந்து சறுக்குவது அதிலிருந்து கிளைத்த பொருள். குமரி முனையில் 133 அடி உயரத்தில் நிற்கிறவர் இதே வேரை ஒழுக்கத்தைப் பேசும்போது எடுக்கிறார்: 'ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்'. வழுக்கியும் என்பதற்குப் பரிமேலழகர் தரும் பொருள் 'மறந்தும்'. ஆக, வேண்டுமென்று செய்யாதது, கவனம் தப்பிய நேரத்தில் நேர்ந்தது என்ற குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிரல் எழுதுகிறவர் எவரும் வழுவைத் திட்டமிட்டு வைப்பதில்லை. திட்டமிட்டு வைத்தால் அது குற்றம்.

ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு விட்டில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினார்கள். அன்று பிறந்ததே 'பக்' என்று கணினி வகுப்புகளில் கதை சொல்வார்கள். கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் இதைச் சுவையாகச் சொல்லிப் பரப்பினார். விட்டில் உண்மை, குறிப்பேடும் உண்மை. ஆனால் சொல் அன்று பிறக்கவில்லை. பக்கத்தில் எழுதியிருக்கும் வாசகமே அதற்குச் சாட்சி: நிஜமான பூச்சி ஒன்று அகப்பட்டது இதுவே முதல் தடவை என்று கேலியாக எழுதியிருக்கிறார்கள். அதுவரை நிஜமல்லாத பூச்சிகள் பல அகப்பட்டிருந்தால்தானே இந்தக் கேலிக்குப் பொருள் உண்டு? தாமஸ் எடிசன் 1878இலேயே தம் கருவிகளில் தலைகாட்டும் சிறு குறைகளுக்கு இந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் போனால் தடம் மங்கிவிடுகிறது.

தமிழில் தடம் மங்கவில்லை. இங்கே வழு இலக்கணக் கலைச்சொல். பவணந்தி முனிவர் நன்னூலில் அதை ஏழாக வகுக்கிறார்: 'திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே'. மயங்குதல் என்றால் ஒன்றோடொன்று கலந்துபோதல். கலக்கக் கூடாதவை கலந்தால் வழு. கணினிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடைப்பது அரிது. 1999 செப்டம்பர் 23ஆம் தேதி நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கித் தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதை வாங்கிய குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. கூட்டலும் பெருக்கலும் சரியாகவே நடந்தன. அலகு மயங்கியது, அவ்வளவுதான்.

இலக்கணம் வழுவோடு நிற்கவில்லை என்பதே நான் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம். வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று நிலைகள். வழாநிலை: நெறி தவறாதது. வழுவமைதி: நெறி தவறியதுதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது பள்ளிக்கூடத்து எடுத்துக்காட்டு. அஃறிணையை உயர்திணையாக்கியது வழு. உவப்பினால் சொன்னதால் அமைதி. தாயை அம்மை என்றே அழைத்து வளரும் எங்கள் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் முதலில் நோயை நினைத்துக்கொள்வார்கள்.

கணினியில் வழுவமைதி உண்டா? தாராளமாக உண்டு. எக்செல் மென்பொருளில் 1900ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள். உண்மையில் அந்த ஆண்டு நெட்டாண்டு (லீப் ஆண்டு) அல்ல. எக்செலுக்கு முன்பு கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 அப்படித் தவறாகக் கணக்கிட்டது; அதன் கோப்புகள் தன்னிடமும் பொருந்த வேண்டும் என்று எக்செல் அந்த வழுவை அறிந்தே வாங்கிக்கொண்டது. இன்று திருத்தினால் பழைய கோப்புகளின் தேதிகள் குலையும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். இணையப் பக்கம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, எங்கிருந்து வருகிறோம் என்று உலாவி சொல்லும் குறிப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லை நெறிமுறையில் எழுதியவர்கள் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். உலகமே இன்றுவரை அந்தக் குறை எழுத்தோடுதான் அதை எழுதுகிறது. இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாமல் நீட்டி முழக்குகிறார்கள். நமக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த சொல் இருக்கிறது, பயன்படுத்தத்தான் ஆளில்லை.

வழாநிலையை வழு என்று நினைத்துக்கொள்வது மறுபக்கம். புதியவர்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். நாகர்கோவில் வட்டாரத்தில் ஆய்வுப் படிப்புக்காகப் புள்ளியியல் மென்பொருள் பழகும் சிலருக்கு நான் உதவுவதுண்டு. தக்கலைப் பக்கத்து மாணவி ஒருவர் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மழை அளவுகளை ஆர் மென்பொருளில் ஏற்றியிருந்தார். "சார், சராசரி கேட்டால் எண்ணே வரவில்லை, என்ஏ என்று வருகிறது. இந்தப் பதிப்பில் வழு இருக்கிறது, பயனர் குழுவுக்கு எழுதிவிடட்டுமா?" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒரு நாளுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது; அதை மென்பொருள் என்ஏ, அதாவது மதிப்பு இல்லை, என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மழை பெய்யவில்லை என்றால் சுழியம் போட்டிருப்பார்கள்; அன்று யாரும் அளக்கவே இல்லை. தெரியாத ஓர் எண்ணைக் கூட்டினால் கூட்டுத்தொகையும் தெரியாததுதான், சராசரியும் அப்படித்தான். மென்பொருள் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறது. விடுபட்டதைத் தள்ளிவிட்டுக் கணக்கிடு என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால் செய்யும்.

அதே கோப்பில் அசல் மயக்கம் ஒன்று வேறிடத்தில் இருந்தது. 05/06 என்று குறித்திருந்த ஜூன் 5ஆம் தேதி மழையை, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்து, மே 6ஆம் தேதியில் கொண்டுபோய் வைத்திருந்தது. தென்மேற்குப் பருவமழை ஒரு மாதம் முந்திவிட்டது! நன்னூலார் கணக்கில் இது பொழுது மயக்கம், கால வழு. ஆனால் வழு மென்பொருளில் இல்லை, தரவை ஏற்றிய முறையில்.

இதேபோல 0.1, 0.2 இரண்டையும் கூட்டி, 0.3க்குச் சமமா என்று கேட்டால் கணினி இல்லை என்கும். கூடுதல் இலக்கங்களோடு அச்சிடச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவுள்ளதாக எழுத முடியாது என்பதே காரணம். இது மேலே சொன்ன முழுதாக்கப் பிழை, வழு அல்ல. ஆர் மென்பொருளின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் தொகுப்பில் இதற்கு 7.31 என்று எண் கொடுத்து விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் குழுவுக்கு மடல் போடுகிறவர்களுக்கு அந்த எண்ணையே பதிலாக அனுப்பிவிடுவதும் உண்டு. கொஞ்சம் கடுமைதான்.

வழு உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குழுவுக்கு எழுதுவதற்குப் பெயர் வழு அறிக்கை. தொல்காப்பியம் இதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறது: 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்'. கேள்வியும் பதிலும் வழுவாமல் காத்துக்கொள். ஒரு விரலை மட்டும் காட்டி, இது சிறியதா பெரியதா என்று கேட்பது வினா வழுவுக்குப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டு. எதோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் கேட்டால் எவராலும் விடை சொல்ல முடியாது. "நிரல் ஓடவில்லை, உடனே உதவவும்" என்று மட்டும் எழுதும் மடல்கள் எல்லாம் ஒற்றை விரல்கள்தான். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது? இவ்வளவும் வேண்டும். மற்றவர் தம் கணினியில் ஓட்டிப் பார்க்க நாலைந்து வரியில் ஒரு சிறு எடுத்துக்காட்டும் வேண்டும். உங்கள் முழுத் தரவுக் கோப்பு யாருக்கும் வேண்டாம்.

வினா வழாநிலைக்கு நல்ல முன்மாதிரி 1994இல் கிடைத்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய பென்டியம் கணினியில் விடை ஒத்துவரவில்லை. தம் நிரலையும் மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளி, குறை சில்லின் வகுத்தல் பகுதியில் இருக்கிறது என்று கண்ட பிறகுதான் அக்டோபர் 30ஆம் தேதி நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். ஒன்றை 824633702441ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டாவது இலக்கத்துக்கு அப்பால் எல்லாம் தவறாக வருகிறது என்று திட்டமாகச் சொன்னார். எவரும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். சரிபார்த்தார்கள், மடல் கைமாறிக் கைமாறி உலகெங்கும் போயிற்று. சில்லுகளை மாற்றித் தர இன்டெல் நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இனி வழுவை நீக்குவது. வழுநீக்கல், வழுநீக்கம் இரண்டும் வழக்கில் இருக்கின்றன, இரண்டும் சரி. இன்னும் பழைய தொடர் ஒன்றும் உண்டு. தொல்காப்பியப் பாயிரம், அந்நூல் அரங்கேறியபோது அதைக் கேட்டவர் 'அதங்கோட்டு ஆசான்' என்கிறது. அவருக்கு 'அரில்தபத் தெரிந்து' நூலைக் காட்டினாராம் தொல்காப்பியர். அரில் என்றால் பின்னிக்கிடக்கும் புதர், சிக்கல், குற்றம். தப என்றால் ஒழிய. விளவங்கோடு பகுதியிலுள்ள அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்கள் எவரிடமும் விட்டுக்கொடுக்காத கட்சி. நூலை வெளியிடும் முன் வேறொருவர் கண்ணில் காட்டிச் சிக்கறுக்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. ஆனாலும் டீபக்கிங் என்பதற்கு 'அரில்தபுத்தல்' என்று நான் எழுத மாட்டேன். படிக்கிறவர் அகராதியைத் தேடிப் போவார், நிரல் அப்படியே கிடக்கும்.

டீபக்கர் என்ற கருவிக்கு 'வழுநீக்கி' என்று எழுதுவதில்தான் எனக்கு மனத்தடை. அந்தக் கருவி எதையும் நீக்குவதில்லை. நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அந்த நொடியில் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும். அடுத்த வரிக்கு நகர்த்தும், மறுபடி காட்டும். கண்டுபிடித்துத் திருத்துவது மனிதர் வேலை. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளில் நாடுதலுக்குத் தேடி அறிதல் என்று பொருள். வர்ம வைத்தியரை ஆசான் என்று அழைத்து அவரிடம் கையை நீட்டும் ஊர்க்காரனுக்கு நாடி என்ற சொல்லும் அயலானதல்ல. எனவே கருவிக்கு 'வழுநாடி' என்றும், வேலைக்கு 'வழுநீக்கல்' என்றும் எழுதி வருகிறேன்.