கன்சீல்டு கேரி: அனுமதியா, உரிமமா, உரிமையா?

அமெரிக்கச் செய்திகளில் வரும் 'கன்சீல்டு கேரி பெர்மிட்' என்பதைத் 'துப்பாக்கி ஏந்தும் உரிமை' என்று எழுதிவிடுகிறோம். ஏந்துவது என்றால் கையில், பிறர் காணப் பிடிப்பது. இங்கே பேச்சு, இடுப்பில் செருகியோ கைப்பையில் வைத்தோ யார் கண்ணிலும் படாமல் கைத்துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைப் பற்றியது.

'கன்சீல்' என்பதற்கு மூலம், ஒளித்தலைக் குறிக்கும் லத்தீன் 'கேலாரே'. 'கேரி'யின் மூலம் வண்டியைக் குறிக்கும் 'கர்ருஸ்'. வண்டியில் ஏற்றிச் செல்வது பிறகு உடம்பில் சுமப்பதும் ஆயிற்று.

சொல்லின் மதிப்பு மாறிய கதை இதைவிடச் சுவையானது. 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்துச் செல்வதைத் தடைசெய்தன. நேர்மையானவன் வெளிப்படையாக அணிவான், வஞ்சகனே ஒளிப்பான் என்பது அன்றைய எண்ணம். இன்று பல ஊர்களில் வெளியே தெரியும் துப்பாக்கிதான் மக்களைக் கலவரப்படுத்துகிறது, மறைந்திருப்பது இயல்பாகிவிட்டது.

'பெர்மிட்' என்பதை எப்படித் தமிழாக்குவது? விவாதம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது. நியூயார்க்கில் 1911இல் வந்த சல்லிவன் சட்டமும் அதன் 1913 திருத்தமும், 'தக்க காரணம்' காட்டினால்தான் உண்டு என்றன. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. இதற்கு 'அனுமதி' பொருத்தமான சொல். 1987இல் புளோரிடா வேறு வழியில் சென்றது: வயது, பயிற்சி, குற்றப் பின்னணி இல்லாமை ஆகிய நிபந்தனைகள் நிறைவேறினால் கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டுநர் உரிமம் போல இது 'உரிமம்'. 2022இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நியூயார்க்கின் 'தக்க காரணம்' விதியை நீக்கியது. பொது இடத்தில் தற்காப்புக்குத் துப்பாக்கி கொண்டுசெல்வது அரசியலமைப்பு தரும் 'உரிமை' என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். ஆனாலும் புறவயமான நிபந்தனைகளோடு உரிமம் கேட்கும் முறையை அத்தீர்ப்பு ஒழிக்கவில்லை.

உரிமையும் உரிமமும் 'உரி' என்ற ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் உரிமை பிறப்போடு வருவது. உரிமம் அரசு எழுதித் தருவது. சொல்லின் முடிவு மாறினால் நாம் அறியாமலே விவாதத்தில் ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். தனியே வீடு திரும்பும் பெண்ணின் அச்சமும் மெய். கடைத்தெருக் கூட்டத்தில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறதென்று தெரியாமல் நிற்பவரின் அச்சமும் மெய். இருவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமானால் சொல்லை அளந்துதான் வைக்க வேண்டும்.

மறைபொருள், மறைமுகம் போல 'மறைபடைக்கல உரிமம்' என்பது என் பரிந்துரை. சில மாநிலச் சட்டங்கள் துப்பாக்கி அல்லாத ஆயுதங்களையும் சேர்த்துக்கொள்வதால் 'படைக்கலம்' பொருந்தும். செய்தித் தலைப்புக்கு 'மறைதுப்பாக்கி உரிமம்' போதும். 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் இந்த உரிமம் இல்லாமலே மறைத்துச் செல்லலாம். அங்கிருந்து வரும் செய்திகளில் 'உரிமம்' என்பதைச் சேர்க்காமல் 'மறைத்துச் செல்லல்' என்றே எழுதலாம். அந்த மாநிலங்களில் பெரும்பாலானவை இன்னமும் உரிம அட்டை வழங்குகின்றன. மாநில எல்லையைக் கடக்கும்போது அது தேவைப்படலாம்.