ரிலே இருந்தால் டயோடு வேண்டாமா?

"ரிலே போட்டிருக்கிறேன், பிறகு எதற்கு டயோடு?" என்று கேட்காத ஆள் இப்போது மட்டக்களப்பில் இல்லை போலும். (ரிலே என்பது உள்ளிருக்கும் சுருளில் மின்சாரம் ஓடினால் தொடுமுனைகளைச் சேர்த்துவைக்கும் சுவிட்ச்; டயோடு மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்.) வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி (ஜோய்ஸ்டிக், பொத்தான் வைத்த வீடியோ கேம் பெட்டி) செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பழுதாகி வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரே குறை: வேண்டிய இடத்தில் டயோடு இல்லை. எத்தனை முறை சொல்வது?

கடந்த வாரம் ஆரையம்பதியிலிருந்து ஒன்று வந்தது. செய்தவர் உயர்தரம் படிக்கும் மாணவர். தச்சு வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விளையாட்டில் சுடும்போது பெட்டியை 'டக்' என்று அடிக்க ஒரு 12 வோல்ட் சொலனாய்டு (மின்சாரம் ஓடினால் நடுவிலுள்ள இரும்புத் தண்டை இழுக்கும் சுருள்) வைத்திருந்தார். அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பிளைவுட் கருகியிருந்தது.

"டயோடு எங்கே தம்பி?"

"ரிலே போர்டிலேயே இருக்கிறதே, சேர்!"

இருக்கிறது. ஆனால் அது ரிலேயின் சொந்தச் சுருளுக்கானது. ரிலேக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொங்கவிட்டிருக்கும் சொலனாய்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சொலனாய்டும் ஒரு சுருள்தான். மின்னோட்டத்தைத் துண்டிக்கிற கணத்தில் 12 வோல்ட் சுருளிலும் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். அது ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவே தீப்பொறியாகப் பாய்கிறது. முனைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, உருகி, ஒரு நாள் ஒட்டிக்கொள்கின்றன. "இவ்வளவு நாளும் வேலை செய்ததே" என்பதெல்லாம் சான்று ஆகாது; அந்த நாட்களில்தான் ரிலே தேய்ந்துகொண்டிருந்தது. நீல ரிலேயின் முதுகில் 10 அம்பியர் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. அது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. சுருளுக்குப் பொருந்தாது.

ஆரையம்பதிப் பெட்டியிலும் முனைகள் ஒட்டித்தான் இருந்தன. நிரல் நிறுத்தச் சொல்லிவிட்டது, ரிலே போர்டின் விளக்கும் அணைந்துவிட்டது, சொலனாய்டு மட்டும் இழுத்தபடியே கிடந்திருக்கிறது. ஒரு கணம் அடிப்பதற்கென்று செய்த சுருளில் ஓயாமல் மின்சாரம் ஓடினால் புகையாமல் என்ன செய்யும்? ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று தகப்பனார் கேட்டார். ஓடியது வழமையான மின்னோட்டம். அதற்கு ஃபியூஸ் போகாது. அதற்காக ஃபியூஸைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், வயர்கள் முட்டிக்கொண்டால் காப்பாற்றுவது அதுதான்.

துண்டிக்கும்போது எழும்பும் அந்த வோல்ட்டை அடக்க, சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1என்4007 டயோடு போதும்; மின்னோட்டம் தீப்பொறியாகப் பாயாமல் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம்; மாற்றிப் பற்றவைத்தால் ஷோர்ட். சொலனாய்டின் இரு கால்களிலேயே வையுங்கள். போர்டுப் பக்கம் வைத்தால் இடையிலுள்ள நீள வயர் இரைச்சலைப் பரப்பி, ஜோய்ஸ்டிக் நடுவில் துண்டிக்கப்படும். (அதற்கும் விண்டோஸைத்தான் திட்டுகிறார்கள்.)

ஓயாமல் அடிக்கும் சொலனாய்டுக்கு ரிலேயே வேண்டாம் என்பேன். மாஸ்ஃபெட் (தொடுமுனையே இல்லாத மின்னணு சுவிட்ச்) போடுங்கள், டயோடோடு. ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்டில் நன்றாகத் திறக்கும். கையில் கிடைத்தது என்று ஐஆர்எஃப்540 போட்டால் அது 10 வோல்ட் கேட்கும். அரைகுறையாகத் திறந்து சூடேறும். மாஸ்ஃபெட்டை இயக்கும் 'கேட்' காலுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) இடையே 10 கிலோ ஓம் மின்தடை இல்லையென்றால் கணினி எழும்பும்போதே சொலனாய்டு தானாக அடிக்கக்கூடும். சொலனாய்டின் சப்ளை, அதை இயக்கும் போர்டின் சப்ளை இரண்டின் கிரவுண்டையும் இணையுங்கள். எத்தனை மில்லி செக்கனுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற வரம்பை நிரலில் எழுதுங்கள். ஆர்டுயினோ ஊனோவின் (நிரல் ஓடும் சிறு போர்டு) ஒரு காலில் 20 மில்லி அம்பியர் எடுக்கலாம், 40 உச்ச எல்லை. அதில் நேரடியாக மோட்டார் மாட்டுகிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இனி 230 வோல்ட். துளை போட்ட உலோக உறையுள்ள அந்தப் பவர் சப்ளையில் மின்சாரம் வந்து சேரும் திருகுகள் திறந்தே இருக்கின்றன. பொத்தான் வயரைச் சரிசெய்யக் கைவிடுகிற இடமும் அதுதான். மூடி போடுங்கள். ஏர்த் வயரை வெட்டாதீர்கள். பேனையால் ஏர்த் துளையைக் குத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கல்லடியில் கடலில் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து விளையாடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பெட்டி எரிந்துவிட்டதா? வயர்களைப் பிடுங்கிக் குவியலாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டாதீர்கள், அதில் நான் எதைப் பார்ப்பது? பிளக்கைக் கழற்றிவிட்டு, இருந்தபடியே படம் எடுத்து, பிறகு பிரியுங்கள். ரிலேயையும் எறியாமல் கொண்டுவாருங்கள். மூடியைத் திறந்தால் முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.