வகுப்பறையில் ஜெராக்ஸும் செல்போனும்: ஆசிரியருக்குச் சட்டம் தரும் இடம் எவ்வளவு?

"புத்தகத்துல இருந்து நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தா தப்பாங்க?" பயிற்சிக் கூட்டங்களில் இதைக் கேட்காத ஆசிரியர் குறைவு. கேட்ட கையோடு, அன்று காலை எடுத்த வகுப்புப் பிள்ளைகளின் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சட்டத்தைப் புரட்டினால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. ஜெராக்ஸ் விஷயத்தில் ஆசிரியருக்குத் தாராளமான இடம் உண்டு; ஸ்டேட்டஸ் விஷயத்தில் அவர் நினைப்பதைவிட மிகக் குறைவு.

முதலில் பதிப்புரிமை. (பலர் இதைக் காப்புரிமை என்றே எழுதுகிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமையாளரைக் கேட்காமலே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறது. பாடம் நடத்தும் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது, கேள்வித்தாளில் அதைச் சேர்ப்பது, விடைத்தாளில் எடுத்து எழுதுவது எல்லாம் அதில் அடக்கம்.

இதற்கு எல்லை எது என்று டெல்லியில் ஒரு வழக்கே நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாகப் பைண்டு செய்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் மேல்முறையீட்டைக் கேட்ட இரு நீதிபதிகள் அமர்வு, நகலெடுத்தவை பாடத்துக்குத் தேவைதானா என்று விசாரிக்க வழக்கை மீண்டும் அனுப்பியது. ஆனால் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தனை பக்கம் என்று உச்சவரம்பு கிடையாது, கற்பிக்க எவ்வளவு தேவையோ அதுதான் அளவு. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆக, நாலு பக்கம் தாராளமாக எடுங்கள். ஆனால் ஒரு தனியார் கைடை முழுசாக ஸ்கேன் செய்து, ஊரெல்லாம் சேர்ந்திருக்கும் டெலிகிராம் சேனலில் ஏற்றினால் அது உங்கள் வகுப்புக்கான பாடம் என்று சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்கும் இதே கணக்குதான். பள்ளியில் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் முன்னால் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு ஆடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதையே யூடியூபில் நேரலையாக விட்டால் அந்தப் பார்வையாளர் வரம்பு போய்விடுகிறது. பாட்டு கம்பெனிக்காரர் சத்தத்தை நிறுத்தினால் கோபப்படவும் முடியாது. தமிழாசிரியர்களுக்கு இன்னொரு வசதி: தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

திருட்டு மென்பொருளுக்கு மட்டும் இந்தத் தாராளம் இல்லை. கிராக் செய்த ஆபிஸ் தொகுப்பு என்று தெரிந்தே பயன்படுத்தினால் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குறைந்தது ஏழு நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காக இல்லாவிட்டால் சிறை இன்றி, 50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். லிப்ரே ஆபிஸ் இலவசமாக இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

இனி பிள்ளைகளின் படம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசம் முடிந்து நடைமுறைக்கு வரும். இதில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே, பிளஸ் டூ மாணவரும் சேர்த்து. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம், அதுவும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் வேண்டும். மீறினால் தண்டத்தொகை 200 கோடி ரூபாய் வரை போகலாம். கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அவர்களைக் கண்காணிக்கலாம். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்த இரண்டில் எதிலும் சேராது. "என் சொந்த ஸ்டேட்டஸ்தானே?" என்று கேட்கலாம். சொந்த உபயோகத்தைச் சட்டம் விட்டுவிடுகிறது, உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை உங்கள் போன் முன்னால் நின்றது நீங்கள் ஆசிரியர் என்பதால்தான். இந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படத்திலும் மோசமானது "வேடிக்கை" வீடியோ. வாய்ப்பாடு தப்பாகச் சொல்லும் பையன், திட்டு வாங்கி அழும் சிறுமி. எடுக்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளாவது அதில் சேராது என்று யாரால் வாதாட முடியும்?

வாட்ஸ்அப் குழுவில் கவனிக்க வேண்டியது, ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும் என்பது. வீட்டுப்பாடம் அனுப்ப, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். பெற்றோர் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும். உதவித்தொகைப் பட்டியலை ஆதார் எண்ணோடு குழுவில் போடாதீர்கள். ஏஐ செயலியில் விடைத்தாளை ஏற்றுமுன் பெயரையும் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறை தரும் மாணவர் அடையாள எண்) மறையுங்கள். சாட்ஜிபிடியை 13 வயதுக்குக் கீழே உள்ளவர் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நிறுவனமே வைத்த விதி. 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும்.

கடைசியாக, யாருக்கும் வரக்கூடாத, ஆனால் வந்தால் பதறிப்போகும் சூழல். ஒரு மாணவி தன்னுடைய ஆபாசப் படம் சுற்றுகிறது என்று போனைக் காட்டுகிறாள். "ஆதாரத்துக்கு" என்று அதை உங்கள் போனுக்கு வாங்கி, தலைமை ஆசிரியருக்கு அனுப்பத்தான் கை போகும். அனுப்பாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. தலைமை ஆசிரியரிடம் வாயால் சொல்லுங்கள், ஆனால் அதோடு உங்கள் பொறுப்பு தீராது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ போயாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை; நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. அந்தப் பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ எந்தக் குழுவிலும் எழுதக் கூடாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். இணையத்தில் பரவும் படம் பற்றி சைபர் குற்ற உதவி எண் 1930இலும் புகார் சொல்லலாம்.